எக்ஸ்ரே மேசையிலிருந்து இறங்கி வந்த நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், இடுப்புக்குக் கீழே ஒரு பச்சைத் துணியை மட்டும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அந்த மேசையிலிருந்து நான் பாதியில் இறங்கி வந்ததைத்தான் சொல்லப்போகிறேன். கூச்சமான விஷயம்தான். ஆனால் கூச்சப்பட்டு மறைத்தே ஏழு வருஷத்தைக் கெடுத்தவன் நான். இனி மறைப்பதாக இல்லை.

நான் தோணியில் வேலை பார்க்கிறவன். வெங்காயமும் காய்கறியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போய்வருகிற தோணி. ஒரு தடவை அங்கே சரக்கு இறக்கும்போது ஈரப் பலகையில் கால் வழுக்கி, தோணியின் பக்கச் சுவரில் பக்கத்துக்கு ஒரு கால் தொங்க விழுந்தேன். உயிர் போகிற வலி. சிறுநீரில் ரெண்டு நாள் ரத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு வருஷத்துக்குள் சிறுநீர் நூலாகச் சுருங்க ஆரம்பித்தது. விழுந்த இடத்தில் உள்ளே தழும்பு விழுந்து குழாய் அடைத்துக்கொண்டதாம். கம்பி விட்டு அகலப்படுத்தினார்கள். மூன்று மாதம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதைதான். தோணியில் மற்றவர்கள் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போவார்கள். நான் பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நிற்பேன். யாராவது கேட்டால் சுகர் என்று சொல்லி வைத்தேன். இல்லாத சுகருக்குப் பயந்து, தோணிச் சமையல்காரர் எனக்கு மட்டும் சீனி இல்லாத காப்பி கொடுப்பார். அதையும் பேசாமல் குடிப்பேன்.

கடைசியில் ஒரு பயணத்தில், நடுக்கடலில் முழுசாக அடைத்துக்கொண்டது. கரை சேர ஒரு முழுப் பகல் இருந்தது. வயிறு மத்தளம் மாதிரி வீங்கிவிட்டது. பிழைத்து வந்ததே பெரிது.

இனி கம்பியெல்லாம் பிரயோஜனமில்லை, கன்னத்தின் உள்பக்கத் தோலை எடுத்து அந்தக் குழாயைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரிதான், "வாய்த் தோலைக் கொண்டுபோய் அங்கன வச்சா, அது பேச ஆரம்பிச்சிராதே டாக்டர்?" என்று கேட்டு அவரையே சிரிக்க வைத்தாள். ஆடியில் கடல் குணம் கெட்டிருக்கும், தோணிகள் கரையில் கிடக்கும். அந்தச் சமயமாகப் பார்த்து ஆபரேஷன் வைத்துக்கொண்டோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் சிறுநீர் போக ஒரு டியூபும், அது சேர இடுப்பில் தொங்கும் பையுமாக வீட்டில் கிடந்தேன். அதன்பிறகுதான் இந்தப் பரிசோதனை. உள்ளே ஒரு மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து போகிற வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். தைத்த இடம் ஆறியிருந்தால் டியூபை எடுத்துவிடலாம், எங்கேயாவது கசிந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். என் காதில் விழுந்தது ‘கசிந்தால்’ என்ற ஒரு வார்த்தைதான்.

மேசையில் படுத்ததும், படம் எடுப்பதற்கு முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள்.

"ஆம்பள ஆள் யாரும் இல்லையா?" என்றேன்.

"இன்னைக்கு லீவு அண்ணாச்சி. மருந்து ஏத்துறது டாக்டர்தான். நான் படம் மட்டும்தான் எடுப்பேன்."

"இந்த எடத்துல பொம்பளைக்கு என்ன வேலை?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. நான் அவிழ்த்து வைத்திருந்த சாரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்துவிட்டேன்.

வராந்தா பெஞ்சில் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். "அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்றாள்.

"உள்ள பொம்பளப் பிள்ள நிக்குது. எனக்கு ஒத்துவராது."

அவள் விடவில்லை. "ஆபரேஷன் அன்னைக்கு எத்தனை நர்ஸு நின்னுச்சு? அன்னைக்கு வராத வெக்கம் இன்னைக்கு எங்கேருந்து உமக்கு வந்துச்சு?"

வீட்டுக்குப் போவோம் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

அப்போது எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணே வந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். கையில் வேறு யாரோ ஒரு நோயாளியின் பழைய படம், பெயரை மறைத்தபடி இருந்தது. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இது மூத்திரப்பை, இது குழாய், இது தைத்த இடம், இங்கே ஓரத்தில் புகை மாதிரி தெரிகிறதே அதுதான் கசிவு என்று விரலால் காட்டினாள். ஏழு வருஷத்தில் எனக்கு யாரும் அப்படிக் காட்டிச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"நாளைக்கு ஆம்பள ஆள் வாராரு. நாளைக்கே எடுத்துக்கிடலாம், நான் டாக்டர்ட்ட சொல்லுதேன்" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "ஒண்ணு கேக்கட்டுமா அண்ணாச்சி? படத்துல என்ன வருமோன்னு பயமா இருக்கா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"கசிஞ்சா ஆபரேஷன் தோத்துட்டுன்னு அர்த்தமில்ல. இன்னும் ஆறலன்னுதான் அர்த்தம். ரெண்டு வாரம் டியூப் கூட இருக்கும், அம்புட்டுதான். பாக்காம டியூபை உருவுறதுலதான் ஆபத்து."

என் வீட்டுக்காரி என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்து உள்ளே போனேன்.

அன்றைய படத்தில் ஒரு ஓரத்தில் லேசான கசிவு இருக்கத்தான் செய்தது. ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். அந்தச் செய்தியைக் கேட்டால் இடிந்து போவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே என்பதுதான் அந்த ரெண்டு வாரமும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை போனபோது லீவில் போயிருந்த ஆள் வந்திருந்தார். அந்தப் பெண் பக்கத்து அறையில் ஒரு கிழவருக்கு நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளையும் கூட இருக்கட்டும்" என்று நானே சொன்னேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

கசிவு இல்லை. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. மூத்திரப்பை நிறைய மருந்தை ஏற்றி, டியூபை உருவிவிட்டு, எந்திரத்துக்கு முன்னால் நின்று சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். போகும்போதே படம் எடுக்க வேண்டுமாம். கையில் ஒரு பிளாஸ்டிக் ஜாடியோடு நின்றேன். டாக்டர், நர்ஸ், அந்த ஆள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு வரவில்லை. நடுக்கடலில் அடைத்துக்கொண்ட அந்த நாள் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

அந்தப் பெண் சூழ்நிலையைப் புரிந்துகொண்டாள். எல்லாரையும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னாள். கை கழுவும் இடத்துக் குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டாள். "அவசரம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி" என்று சொல்லிவிட்டு அவளும் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நிமிஷம் நின்றேனோ தெரியாது. திடீரென்று வந்தது. நூலாக இல்லை, சொட்டாக இல்லை, சின்ன வயசில் வந்த மாதிரி தடதடவென்று ஜாடியில் விழுந்தது. தேவையில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

படத்தைக் காட்டினார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில், ஓரத்தில் ஒரு பிசிறும் இல்லாத வெள்ளைக் கோடு. டாக்டர் போன பிறகு அந்தப் பெண்ணிடம், "அன்னைக்கு நான் பேசுனது தப்பு தாயி" என்றேன். "அத விடுங்க. படம் எவ்வளவு நல்லா வந்திருக்கு, அதப் பாருங்க" என்றாள்.

பாரம் தூக்கக் கூடாது என்று தை மாதம்வரை கரையிலேயே இருந்துவிட்டு, பிறகு தோணி ஏறினேன். இப்போதும் வருஷத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொள்கிறேன். குறையில்லை. போன வருஷம் எங்கள் தோணியில் ஒருவர், மூலமோ என்னவோ, ரத்தம் போவதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டு திரிந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து என் கதை முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கரை இறங்கிய மறுநாளே டாக்டரைப் பார்த்துவிட்டார்.

அவ்வளவு காலமும் நான் வெட்கம் என்று நினைத்துச் சுமந்ததில் முக்கால்வாசி பயம்தான் என்பதை, நான் அவமானப்படுத்திய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் புரியவைத்தாள். அதற்குப் பிறகு எனக்கு எந்தப் படத்தைப் பார்க்கவும் பயமில்லை.