கூட வர ஒரு ஆள்

எங்கள் ஊரில் புதிதாக ஒரு குழந்தையைப் பார்த்தால் பேர் கேட்பதற்கு முன்னால் எந்த ஸ்கூல் என்றுதான் கேட்பார்கள். என் மகள் "ஸ்கூலுக்குப் போகல" என்பாள். கேட்டவர்கள் உடனே அவளை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். உடம்பு சரியில்லையா, ஃபீஸ் கட்ட முடியவில்லையா, வீட்டில் ஏதாவது சண்டையா, எல்லாம் அந்தப் பார்வையிலேயே இருக்கும். முதல் ஆறு மாதம் பொறுமையாகப் பதில் சொன்னேன். எனக்குப் பொறுமை ஆறு மாதம் நீடித்ததே பெரிய விஷயம்.

யூகேஜி படித்த வருடம், காலையில் ஷூ மாட்டும்போதெல்லாம் அவள் வாந்தி எடுத்தாள். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். சனி ஞாயிறுகளில் வாந்தி வரவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, நானும் கணவரும் அந்த ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டோம். பள்ளி வேண்டாம், வீட்டிலும் பாடம் நடத்த வேண்டாம், அவளுக்கு எது பிடிக்கிறதோ அதிலிருந்து அவளே கற்றுக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். கணவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். ஹெட்போனை மாட்டினால் கூரை இடிந்து விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே பகல் முழுக்க அவளும் நானும்தான்.

அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே தமிழ் படித்தாள். வாலாஜாபாத் சீக்கிரம் வந்துவிட்டது. திருப்புட்குழி ஒரு வாரம் தண்ணி காட்டியது. அதைப் படித்த அன்று அவள் போட்ட கூச்சலில் கண்டக்டர் சிரித்துக்கொண்டே எங்களை ஏறச் சொன்னார். சும்மா போய்விட்டுத் திரும்பி வந்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவளும் அப்படித்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு என் மகளைவிட ஒரு வயது பெரிய பெண் இருந்தாள். இரண்டும் சாயங்காலத்தில் ஒன்றாகத்தான் ஆடும். ஒருநாள் அந்த அக்கா, "புள்ளய வூட்லயே வெச்சிக்கினு அதும் வாழ்க்கைய கெடுக்கிறியேம்மா" என்றார். அக்கறையில்தான் சொல்லியிருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் பட்டுக்கடை கவுண்டரில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாய் என்னுடையது, சும்மா இருக்குமா? "உன் பொண்ணு மூணாவது படிக்கிது. ரேஷன் கடை போர்டைப் படிக்கச் சொல்லு பாக்கலாம்" என்றேன். அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. மற்ற பிள்ளைகளும் டியூஷன், ஹிந்தி கிளாஸ் என்று ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

அவளுடைய ஏழாவது பிறந்தநாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "கலர் டிரஸ் போட்டுக்கினு சாக்லேட் குடுக்கணும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் அன்று மட்டும் யூனிஃபார்ம் போட வேண்டியதில்லை. கலர் டிரஸ்ஸில் போய், வகுப்பில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டு, பிடித்த ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு மற்ற வகுப்புகளுக்கும் மிஸ்களுக்கும் கொடுக்கப் போவார்கள். பாக்கெட்டைப் பிடிக்க யாரைக் கூப்பிடப் போகிறாள் என்று வகுப்பே காத்திருக்கும். யூகேஜியில் ஒரே ஒரு தடவை ஒரு பெண் என் மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். பள்ளியைப் பற்றி இவள் நல்லதாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

"நமக்கு இந்தத் தெருவே கிளாஸ்தான். வா, எல்லாருக்கும் குடுக்கலாம்" என்றேன். என்ன பெரிய பேச்சு! காலை பதினோரு மணிக்கு மஞ்சள் பாவாடை சட்டையில் அவளும், பாக்கெட்டோடு நானும் கிளம்பினோம். அந்த நேரத்தில் தெருவில் ஒரு பிள்ளையும் இருக்காது என்பது என் மண்டையில் உறைக்கவேயில்லை. எங்களுக்கு எல்லா நேரமும் ஒன்றுதான், ஊருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது. முதல் வீட்டு அண்ணன் தறியில் வெளிர் சந்தன நிறத்தில் முகூர்த்தப் புடவை. இவள் சாக்லேட்டை நீட்டினாள். அவர் பதறிப்போய் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயையோ, கைல ஒட்டிக்கும்மா. பட்டுல கறை பட்டா போவாது. அந்த ஜன்னல்ல வெச்சிட்டுப் போ கண்ணு, நல்லா இரு" என்றார். அடுத்த வீட்டிலும் ஜன்னல்தான். அதற்கடுத்த வீட்டில் தறிமேடைக்குப் பக்கத்தில்கூட வர வேண்டாம் என்றார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. வெயிலில் உருகுகிற சாக்லேட்டைத் தறி வீடுகளுக்கு எடுத்துக்கொண்டு போனேன் பாருங்கள், நெசவுத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த நான்! கல்கண்டு வாங்கியிருக்கலாம்.

ஏழு வீடு முடிந்ததும் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல்களில் சாக்லேட் அப்படியே இருந்தது. "யாருமே பிரிக்கல" என்றாள். வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்குமாம்.

நாலரை மணிக்கு ஸ்கூல் வேன் வந்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு, டியூஷனுக்குக் கிளம்ப வீட்டுக்கு ஓடினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்வீட்டுப் பெண் மட்டும் கொஞ்சம் நின்று, "உன் கூட யார் வந்தா?" என்று கேட்டாள். என் மகள் என்னைக் கைகாட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பாவாடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். பயந்துகொண்டேதான் கேட்டேன். "ஸ்கூலுக்குப் போணும்போல இருக்குதா?"

"ஸ்கூல் வேணாம். கூட வர ஒரு ஆள் வேணும்."

"நான் வந்தேனே."

அவள் பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "உனக்கு பர்த்டேன்னா நீ யாரைக் கூட்டிக்கினு போவ?" என்றாள்.

"உன்னைத்தான்."

"நான் உன் பொண்ணும்மா. வேற யாரு?"

யோசித்தேன். கடையில் கூட வேலை பார்த்தவர்களிடம் பேசி வருடக்கணக்காகிவிட்டது. சொந்தக்காரர்களில் பாதிப் பேரிடம் இந்த ஸ்கூல் விஷயத்தில் சண்டை. தெருவில் ஒருத்தர் வீட்டு வாசலில்கூட நான் உட்காருவதில்லை. இரண்டு வருடமாக எனக்கு இருந்த ஒரே சிநேகிதி ஏழு வயதுப் பெண். அவளுக்காகத்தான் அவளை வீட்டில் வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காகவும்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போனேன். "அக்கா, அன்னைக்கு உன் பொண்ணு முன்னாடி அப்படிப் பேசினது தப்பு" என்றேன். அவர் முறத்திலிருந்த அரிசியைவிட்டுத் தலை தூக்கவில்லை. "அது ரெண்டு நாள் சாப்பிடல, தெரியுமா உனக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. நின்றுகொண்டே இருந்தேன். அரிசியைப் புடைத்து முடித்துவிட்டு, "அஞ்சு மணிக்கு டியூஷன் போவுது. ஆடணும்னா ஏழு மணிக்கு மேலதான். அதுக்குள்ள தூங்கி வழியுது. புள்ளைங்க எல்லாம் அங்கதான் இருக்குதுங்க, உன் பொண்ணையும் அங்க அனுப்பேன்" என்றார்.

டியூஷன்! நான் திட்டாத திட்டா அதை? ஆனாலும் போனேன். டியூஷன் எடுப்பவள் என்னைவிடச் சின்னவள். விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஸ்கூலுக்கே போவாத பொண்ணுக்கு டியூஷனாக்கா?"

"படிக்க வேணாம். சும்மா உக்காரட்டும். எல்லாரோடயும்."

"சும்மா உக்கார ஃபீஸ் வாங்கினா எனக்குப் பாவம்க்கா. வரட்டும், விடு" என்றாள்.

முதல் நாள் ஐந்து மணிக்கு எதிர்வீட்டுப் பெண் தெருவிலிருந்தே என் மகளைக் கூப்பிட்டாள். இவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். அதன்பிறகு இரண்டு மணி நேரம் வீட்டில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கணவரிடம் ஏதோ கேட்டேன். அவர் காதில் ஹெட்போன்.

ஏழு மணிக்கு முகம் சிவந்து, வேர்த்து விறுவிறுத்து வந்தாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"சிரிச்சோம்."

"எதுக்கு?"

எப்போதும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்பிக்கிறவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது உனக்குப் புரியாதும்மா" என்றாள்.

அடுப்படிக்குப் போய் அழுதேன். கணவர் அப்போதுதான் ஹெட்போனைக் கழற்றியிருந்தார். என்ன ஆச்சு என்று வந்து கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, சந்தோஷம்" என்றேன். பாதி பொய்.