அரண்மனை பார்க்க வந்தவர்கள்

எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்தவறிக்கூட உண்மையைப் பேசிவிடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பிய ஒரே நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. யார் கேட்டாலும் 'அரண்மனை பாக்க வந்தோம்' என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் தோலை உரித்துவிடுவேன் என்று எனக்குத் தலை பின்னும்போதே அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. நான் நிஜமாகவே அரண்மனை பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அரண்மனை என்று எங்கள் வீட்டில் சொன்னது பாரதி பூங்காவுக்கு எதிரே இருக்கும் கவர்னர் மாளிகையை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒருவர்கூட அதன் வாசலில் நின்றதில்லை. உள்ளூர்க்காரன் ஊரைச் சுற்றிப் பார்க்க ஏதாவது ஒரு காரணம் வேண்டும் அல்லவா?

காரணம் அத்தை. அப்பாவின் தங்கை. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். வயது முப்பதைத் தொட்டிருந்தது. அதுவரை மூன்று முறை வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று முறையும் அம்மா பஜ்ஜி போட்டு, கேசரி கிண்டினாள். எங்கள் தெருவில் வேலை நாளில் பஜ்ஜி வாசனை வந்தால் விஷயம் என்னவென்று நாய்க்குக்கூடத் தெரியும். மறுநாள் பால் வாங்கப் போகிற இடத்தில் "இன்னா ஆச்சு?" என்று கேட்பார்கள். முதலில் வந்தவர்கள் உயரம் பத்தாது என்றார்கள். அடுத்து வந்தவர்கள் நிறம் என்றார்கள். மூன்றாவது ஆட்கள் ஒன்றுமே சொல்லவில்லை, நான்கு தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு அத்தை அப்பாவிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

"இனிமே தட்டத் தூக்கிக்கினு வந்து தலையக் குனிஞ்சிக்கினு என்னால நிக்க முடியாதுண்ணா. அதுக்கு ஒரு ஆள் வச்சிக்கோ."

அதனால்தான் தரகர் இந்த ஏற்பாட்டைச் செய்தார். ஞாயிறு மாலை நான்கு மணி, பாரதி பூங்கா, ஆயி மண்டபம். இரண்டு குடும்பமும் ஊர் சுற்றிப் பார்க்க வந்ததுபோல வர வேண்டும், தற்செயலாகச் சந்திக்க வேண்டும். பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் இருவருமே அரண்மனை பார்த்துவிட்டு வந்தவர்கள், அவ்வளவுதான், யாருக்கும் தலைகுனிவு இல்லை. போன் பண்ணக்கூடாது, எடுத்த எடுப்பில் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது. அடையாளத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா கையில் கறுப்புக் குடை வைத்திருப்பார். எங்கள் பக்கத்து அடையாளம் சிவப்பு கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை. அது நான். இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குப் புது கவுன் எடுத்துக் கொடுத்தது பாசத்தினால் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் படம் ஒன்றும் ஜாதகத்தோடு கவரில் வந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் அதை வெளுத்து எடுத்ததில் மீசை மட்டும்தான் மிச்சம் இருந்தது என்று அப்பா சொன்னார். அத்தை பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அப்பா கவரை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

கிளம்பும்போது வளையலா கடிகாரமா என்று ஒரு சண்டை நடந்தது. அத்தை முதல் சம்பளத்தில் வாங்கிய கடிகாரம் அது. மூன்று முறையும் அம்மா அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடி வளையலை அடுக்கிவிட்டாள். கடிகாரம் கட்டின பெண் மாமியார் வீட்டில் மணி பார்த்துத்தான் வேலை செய்வாள் என்று வருகிறவர்கள் நினைப்பார்கள் என்பது அம்மாவின் கட்சி. ஊர் சுற்றப் போகிறவள் எதற்கு இரண்டு டஜன் வளையல் போடுகிறாள் என்று கேட்டு இந்த முறை அத்தை ஜெயித்துவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூங்காவில் எள் போட்டால் எள் விழாது. அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்று சுற்றினார். கறுப்புக் குடையோடு ஒரு பெரியவர், பக்கத்தில் ஓர் அம்மாள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாட்டசாட்டமாக ஓர் இளைஞர். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அரண்மனை பார்க்க வந்தீர்களா என்று கேட்டார். ஆமாங்க, அரண்மனை பார்க்கத்தான் வந்தோம் என்றார் பெரியவர். சொல்லிவைத்தது பிசகாமல் வந்துவிட்ட பூரிப்பில் அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் அவர்கள் இவர்கள் இல்லை. இவர்கள் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வேன் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். உண்மையிலேயே அரண்மனை பார்க்க வந்தவர்கள். விக்கிரவாண்டியிலிருந்து வந்த அசல் மாப்பிள்ளை வீட்டார், பூங்காவின் இன்னொரு பக்கம் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார்கள். அவர்களுடைய குடையை மாப்பிள்ளையின் அப்பா பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தார்.

பிறகு அப்பா ஊரைச் சுற்றிக் காட்டிய அழகு இருக்கிறதே! முதல்முறையாகத் தானே பார்க்கிற ஊரைப் பரம்பரை பரம்பரையாகப் பார்த்தவர்போலக் காட்டினார். மாளிகைக்குள் நானூறு அறைகள் இருக்கின்றன என்றார். பஸ்ஸில் என்னிடம் முந்நூறு என்றுதான் சொல்லியிருந்தார். நான் அதை நினைவூட்டினேன், அம்மா என் தொடையில் ஒரு திருகு திருகினாள். வாசலில் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் நின்றிருந்தார். ராஜா இருக்கிறாரா என்று அவரிடம் கேட்டேன். தூங்குகிறார் என்றார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிற ஊர் எங்கள் ஊர், ராஜாவும் தூங்குவார் என்பது நியாயமாகவே பட்டது. ஆனால் மணி நான்கு ஆகிவிட்டதே, இன்னுமா என்று எனக்குக் கோபம் வந்தது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் அழுகையும் வந்தது.

மண்டபத்துக்குத் திரும்பி வந்ததும் அப்பா ஆயியின் கதையை எடுத்தார். அவள் வீட்டின் விளக்கலங்காரத்தைப் பார்த்துக் கோயில் என்று நினைத்து ஒரு ராஜா கீழே விழுந்து கும்பிட்டுவிட்டார், பிறகு அது ஒரு தாசியின் வீடு என்று தெரிந்து இடிக்கச் சொன்னார், அவள் தானே இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இடம் தெரியாமல் கும்பிட்டவரின் கதையை, ஆள் தெரியாமல் ஒரு குடும்பத்துக்கு அப்பா உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுநடுவே வெள்ளைச் சட்டைக்காரருக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். என்ன வேலை என்று பட்டும்படாமல் விசாரித்தார். கோழிப்பண்ணை என்று பதில் வந்தது. தரகர் சொன்னதோ பால் சங்கம். தரகர் என்றால் நாலு பொய் சொல்லத்தான் செய்வார் என்று அப்பா அதையும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

அத்தை மட்டும் கூட வரவில்லை. செருப்பு வார் உறுத்துகிறது என்று ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அரண்மனைத் துக்கத்தில் நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அதோ மரத்தடியில் கோடு போட்ட சட்டைக்காரர் நிற்கிறார் பார், அவரிடம் போய் மணி கேட்டுக்கொண்டு வா என்றாள்.

போனேன். ஒல்லியாக, பெரிய காதுகளோடு ஒருவர் நின்றிருந்தார். "அண்ணா, மணி என்ன? எங்க அத்த கேட்டுக்கினு வரச் சொல்லிச்சு" என்றேன். அந்த 'அண்ணா' முறை ஒரு மாதத்தில் 'மாமா' என்று மாறப்போகிறது என்று எனக்கெப்படித் தெரியும்? அவர் என் கவுனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாலு இருபது என்றார். எங்கே வந்தீர்கள் என்று கேட்டார். அரண்மனை பார்க்க வந்தோம் என்றேன். நாங்களும் அதற்குத்தான் வந்தோம் என்றார். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் 'க்கும்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பெரியவரின் கோபம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மாப்பிள்ளைக்கு நேரம் கொடுத்துவிட்டார்கள், நமக்கு முன்னால் வந்தவனுக்குக் கடலை வாங்கிக் கொடுத்து உபசாரம் நடக்கிறது, வா, பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று அவர் குதித்திருக்கிறார். மணி கேட்ட குழந்தை மறுபடி வந்தாலும் வரும், கொஞ்சம் இருப்பா என்று மகன்தான் நிறுத்திவைத்திருக்கிறார்.

குழந்தை மறுபடி வந்தது. அத்தை கால் மணி நேரத்தில் திரும்ப அனுப்பினாள். நாலு முப்பத்தைந்து ஆகியிருந்தது. அவர் டீ வாங்கி வந்து தன் அப்பாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். குடையை விட்டதற்கு ஒரு வார்த்தை கடிந்துகொண்டதாகத் தெரியவில்லை. கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் அம்மாவின் உத்தரவு எனக்கு மறந்துபோனது. என்னை உள்ளே விடாதது, ராஜா தூங்குவது, முந்நூறு நானூறான கதை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கடைசியில் முந்நூற்றைம்பது என்று வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். இதை ஒன்றுவிடாமல் அத்தையிடம் வந்து சொன்னேன்.

"நின்னுக்கினு பேசினாரா, ஒக்காந்து பேசினாரா?" என்றாள் அத்தை.

"குந்திக்கினு."

சற்று நேரம் விட்டு அத்தை மூன்றாவது முறையும் அனுப்பினாள். இந்த முறை அவர் மணி சொல்லவில்லை.

"உங்க அத்த கையில கட்டிக்கினு இருக்கிறது ஓடலையான்னு கேட்டுட்டு வா."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஓடிவந்து கேட்டேன். ஓடவில்லை என்று சொல்லச் சொன்னாள். அவள் மணிக்கட்டை இழுத்துப் பார்த்தேன், நொடி முள் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து ஆளாளுக்குச் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டு நான் அலுத்துப்போயிருந்தேன். நேராக அவரிடம் திரும்பிப் போனேன்.

"நல்லா ஓடுதுங்கண்ணா. அத்த பொய் சொல்லுது."

அவர் சிரித்த சிரிப்பில் கோபக்காரப் பெரியவரே திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த அத்தையும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனியவில்லை.

இதற்குள் மண்டபத்தில் வேறொன்று நடந்தது. வேனிலிருந்து ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்து, "பால் குடிச்சுட்டான், புடிங்க" என்று வெள்ளைச் சட்டைக்காரர் கையில் குழந்தையைக் கொடுத்தாள். அப்பாவின் கை கடலைப் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டது. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பேச்சற்று நிற்பதற்குக் குடைக்காரப் பெரியவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு, இத்தனை பொறுமையாக எந்த கைடும் சுற்றிக் காட்டியதில்லை என்று சொல்லி அவர் சட்டைப்பையில் ஐம்பது ரூபாயைச் செருகினார்.

அப்பா பெஞ்சுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மணி ஐந்தாகியிருந்தது. வந்தவர்கள் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள்? இந்த வரனும் போயிற்று, அதுவும் தன்னால் போயிற்று என்று அவர் அத்தையின் முன்னால் நின்றார். தங்கையின் முன்னால் அப்பாவின் குரல் உடைந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் போவலண்ணா. அதோ மரத்தடியில நிக்கிறாங்க. போயிப் பேசு."

அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அப்பாவுக்கு நேரமில்லை. செருப்பு கழன்றதைக்கூடக் கவனிக்காமல் ஓடினார்.

அடுத்த மாதம் அவர்கள் முறைப்படி வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை பூ, பழத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் கொண்டுவந்தார். அம்மா ஆசையாகப் பிரித்தாள். உள்ளே கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி ஒன்று இருந்தது. இவ்வளவு கஞ்சனா என்று அம்மாவின் முகம் போன போக்கு! அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தையின் கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது, நானே பார்த்தேன் என்று நான் சபை நடுவே எழுந்து நின்று சாட்சி சொன்னேன்.

போன மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. அப்போதுதான் அத்தையிடம் கேட்டேன், படத்தையே பார்க்காதவளுக்கு அன்று ஆள் எப்படித் தெரிந்தது என்று. அப்பா பீரோ சாவியை மறந்துவிட்டு வேலைக்குப் போன அன்றே பார்த்துவிட்டாளாம். மூஞ்சியை எவ்வளவு வெளுத்தாலும் அந்தக் காதை ஸ்டுடியோக்காரனால் ஒன்றும் செய்ய முடியவில்லையாம். அப்படியானால் முதல் நிமிஷத்திலேயே அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே, ஒரு மணி நேரம் அந்த மனுஷனை ஏன் அலையவிட்டாய் என்றேன்.

"மூணு வாட்டி என்ன வந்து பாத்துட்டுப் போனாங்க" என்றாள். "ஒரு வாட்டியாச்சும் அவங்கள நான் பாக்க வுட்டாங்களா?"

இதெல்லாம் ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன். அரண்மனை பார்க்கலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், இவ்வளவு தூரம் வந்தும் யாரும் எதையும் பார்க்கவே இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அத்தை என்னை மடியில் இழுத்துக்கொண்டு, நீ சொல்வது ரொம்பச் சரி என்றாள்.