திதிச் சோறு தின்ற குதிரை

என் மனைவி இறந்தது மலையாளக் கர்க்கடக மாதத்தில், தேய்பிறைத் திரயோதசி அன்று. ஆங்கிலத் தேதி, கொல்லம் ஆண்டுத் தேதி, திதி என்று மூன்றையும் குறித்துவைப்பது என் பழக்கம். மூன்றும் இருக்கின்றன. அந்த மாதத்தில் வேறு என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஓணம் கழிந்ததும் குதிரைப் பயிற்சியில் சேர்ந்தேன். வித்துரா சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டிய கொட்டில் அது. அங்கே இரண்டு வருடமாகச் செம்பழுப்புக் குதிரை ஒன்றை ஓட்டிவந்தவள் என் மனைவி. நான் தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். அந்தக் குதிரையை ஓட்ட ஆளில்லை, விற்றுவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அது போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் சேர்ந்தேன். வேறு ஆசை எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

பழைய பயிற்சியாளர் பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் முப்பது வயதுப் பெண். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்து ஊட்டியில் தொழில் கற்றவர். இந்தக் குதிரை ஏன் எனக்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் சில வாரங்கள் ஏறவே விடவில்லை. உடம்பைத் தேய்க்கவும், குளம்பில் அப்பிய மண்ணைக் கொக்கியால் நோண்டி எடுக்கவும், சாணம் அள்ளவும்தான் பயிற்சி. எளிய வேலைகள். யோசிக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஒத்துவந்தன.

"சாரே, பின்பக்கம் போகும்போது பேசிட்டே போணும், கேட்டோ. சும்மா போனா உதைக்கும். இது பேங்க் கவுண்டர் இல்ல, வாயைத் திறக்காம நிக்க."

குதிரையிடம் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைய திதியையும் நட்சத்திரத்தையும் சொல்லிக்கொண்டு சுற்றி வருவேன். அது காதைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளும்.

ஐப்பசியில், துலாம் மாத மாசிகத் திதி பயிற்சி நாளிலேயே வந்தது. காலையில் எங்கள் கரமனை வீட்டில் காரியம் முடிந்தது. இலையில் படைத்ததையும் பிண்டத்தையும் பசுவுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். தெருவில் இப்போது பசு இல்லை. முந்தைய மாதங்களில் ஆற்றில் விட்டோம். அன்று மழைக்கு ஆறு படித்துறையை மூடி ஓடியது. சமைக்க வந்திருந்த என் தங்கை, என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கொட்டிலுக்குக் காரில் கூடவே வந்தாள். மடியில் ஒரு பெரிய பாத்திரம். அதில் என்ன என்று நான் கேட்கவில்லை.

நான் சேணத்துக்கு எண்ணெய் தடவப் போயிருந்த நேரத்தில் பாத்திரம் முழுவதும் காலியாகியிருந்தது.

"கொம்பில்லாத பசுன்னு வச்சுக்கோ அண்ணா. எவ்வளவு ஆசையா சாப்பிட்டது தெரியுமா? மன்னியே வந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் குதிரை முன்னங்காலால் தரையைக் கீறத் தொடங்கியது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தது. பிறகு படுத்துப் புரளப் பார்த்தது. பயிற்சியாளர் ஓடிவந்து விலாவில் காதை வைத்தார். உள்ளே குடல் ஓடும் சத்தமே இல்லை என்றார். மாடென்றால் அசைபோட்டுச் சமாளிக்கும், குதிரைக்கு வாந்தியெடுக்கக்கூட வராது, குடல் முறுக்கிக்கொண்டால் செத்துப்போகும் என்றும் சொன்னார். டாக்டருக்குப் போன் செய்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன கொடுத்தீங்க?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொன்னேன்.

"சோறு. உளுந்து வடை. எள்ளுருண்டை. என் மனைவிக்குப் படைச்சது. அவ ஓட்டின குதிரை இது."

இதை இன்னொருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பத்திரிகைச் செய்தி வாசிப்பதுபோல இருந்தது என் குரல்.  அவர் கயிற்றை என் கையில் கொடுத்து, படுக்க விடாமல் நடத்தச் சொன்னார்.

டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். நான் நடத்திக்கொண்டே இருந்தேன். அது செத்தால் அவளைச் சுமந்த உயிர் இனி எதுவும் இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது. நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. கால்கள் மட்டும் நடந்தன.

"மேடம் இதுகிட்ட என்ன சொல்லுவாங்க?" பக்கத்தில் நடந்த பயிற்சியாளர் கேட்டார். "பழகின வார்த்தை கேட்டா கொஞ்சம் அடங்கும்."

அவள் அதன் கழுத்தில் சாய்ந்து எதையோ சொல்வாள். அது எனக்குத் தெரியும். உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

"நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு தூரம்" என்றேன். "கேக்காது."

"சரி, நடங்க" என்றார்.

விளக்குப் போடும் வேளையில் குதிரை நின்று, வாலைத் தூக்கி, நாலைந்து உருண்டை சாணம் போட்டது. பயிற்சியாளர் குனிந்து பார்த்துச் சிரித்தார். தங்கை அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். தன் மன்னி போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

பிழைத்துவிட்டது என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். சந்தோஷம் வரும் என்று நினைத்துக் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு மண்வெட்டியை எடுத்து வந்து சாணத்தை அள்ளினேன்.