அக்கா ஓடையைக் கழுவிய கதை

பன்வில பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிங்களம் படிப்பிக்கிறேன். இதை வெளியில் சொன்னால் நிம்மதி போய்விடும். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட யாராவது ஒரு சிங்களக் கடதாசியை நீட்டி, "மாஸ்டர், இதுல என்னா போட்டிருக்குன்னு பாருங்களேன்" என்பார்கள். குடியிருப்பது குண்டசாலையில். பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள், கொழுந்து எடுக்கிறாள், லயத்தையே ஆட்டிப் படைக்கிறாள். எங்கள் ஓடைக்கு ஒரு குழு அமைக்கப்போகிறார்கள், இரண்டு மொழியும் தெரிந்த ஆள் தேவை என்றதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைச் சேர்த்துவிட்டாள்.

ஓடை மேலே காட்டில் பிறக்கிறது. எங்கள் லயங்களை ஒட்டி இறங்கி, அக்குறணைக்கார முஸ்லிம் முதலாளி ஒருவரின் மிளகுத் தோட்டத்தைத் தாண்டி, கீழே சிங்களக் கிராமத்துக்குப் போகிறது. அந்தக் கிராமத்தைத் தோட்டத்தில் 'நாடு' என்போம். நாட்டு ஆட்கள் ஓடையை மறித்து ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். ஊர் முழுக்கக் குடிப்பது அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான். தண்ணீர் கெட்டுப்போனால் நாட்டார் முதலாளியைக் குறை சொல்வார்கள், முதலாளி எங்களைச் சொல்வார். எங்களுக்கு மேலே காடுதான் இருந்தது. அதனால் நாங்கள் காட்டுப் பன்றிகளைச் சொன்னோம்.

இந்தப் பழிபோடும் விளையாட்டை நிறுத்தத்தான் குழு. எங்கள் கோயில் கமிட்டி, நாட்டின் தண்ணீர்ச் சங்கம், முதலாளி என்று மூன்று தரப்பு. கூட்டமும் முறை வைத்து மூன்று இடத்தில் நடக்கும். நாட்டின் பௌத்த விகாரையான பன்சலை மண்டபத்தில் கூடினால் பாற்சோறு, முதலாளியின் ஹாட்வெயார் கடைப் பின்னறையில் கூடினால் சுடச்சுட ரோல்ஸ், கொழுந்து எடுப்பவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் எங்கள் பிள்ளைக் காம்பராவில் கூடினால் அக்காவின் உளுந்துவடை. நான் ஒழுங்காகப் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான், மறைப்பானேன்.

மொழிபெயர்ப்பு என்று நான் செய்தது பெரும்பாலும் வடிகட்டல். தண்ணீர்ச் சங்கத்தின் தலைவி ஐம்பது வயது தாண்டிய அம்மா. அவருக்குக் கோபம் வந்தால் மைக் தேவைப்படாது. எங்கள் பக்கத்தில் அக்கா இருக்கவே இருக்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, "உங்கள் கருத்தை மதிக்கிறார்களாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படியே காரியமும் நடந்தது. முதலாளியின் ஆட்கள் மருந்து அடிக்கும் டேங்கை ஓடையில் அலசுவதை விட்டார்கள். லயத்தில் குப்பைக்குக் குழி வெட்டினோம், பிள்ளைகளுக்குக் கட்டிவிடும் பெம்பஸ் ஓடையில் மிதப்பது நின்றது. தலைவிகூட ஒருநாள் அக்காவின் வடைக்குச் செய்முறை கேட்டார்.

பிறகுதான் திருவிழா வந்தது.

அதற்கு முந்திய மழைக் காலத்தில் அக்காவின் மகளுக்கு டெங்கு வந்து, கண்டி பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். இரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர்மார் வந்து வந்து பார்த்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, பிள்ளை எழும்பி நடந்தால் அடுத்த திருவிழாவில் ஓடையில் முழுகி, ஈரச் சேலையோடு பால்குடம் எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழும்பிவிட்டாள். இப்போது வாயாடுவதில் அம்மாவை மிஞ்சுகிறாள். நேர்த்திக்கடன் மட்டும் பாக்கி.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கோயிலுக்குக் கரகம் பாலிப்பது, அதாவது நீர் நிரப்பிச் சோடிப்பது, நேர்ந்தவர்கள் முழுகுவது எல்லாம் ஓடையில் ஒரு பாறைக் குழியில். நாட்டின் தொட்டி இருப்பதோ அதற்குச் சற்றுக் கீழே. இடம் எங்கள் பாட்டன் காலத்தது, தொட்டி பின்னால் வந்தது. ஆனாலும் குடிக்கிற தண்ணீர் அல்லவா? குழுவில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். திருவிழா வழக்கம்போல நடக்கலாம். மாலை, தேங்காய்ச் சிரட்டை எதுவும் ஓடையில் விழக்கூடாது, இடம் சுத்தமாக இருக்க வேண்டும். "சுத்தம் என் பொறுப்பு" என்றாள் அக்கா.

அக்காவின் சுத்தம் கொஞ்சம் பயங்கரமானது. அவள் வீட்டுக்குள் போனால் பினாயில் வாசத்தில் கண் எரியும். கழுவாத பாத்திரத்தைப் போலவே கழுவிய பாத்திரத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பாள். அவள் மாதர் சங்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறைக் குழியில் இறங்கினாள். கம்பி பிரஷ், சவர்க்காரத் தூள், போதாததற்கு முதலாளி கடையிலிருந்து ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர். கோயில் காரியம் என்றதும் அவர் காசு வாங்காமலே தூக்கிக் கொடுத்திருக்கிறார். பாசி பிடித்த கல் ஒன்று விடாமல் தேய்த்துத் தள்ளினார்கள். அக்கா போனில் படம் அனுப்பினாள். பாறையெல்லாம் அப்போதுதான் பல் விளக்கிய வாய்போலப் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலையில் மீனும் நண்டும் செத்து மிதந்தன. தொட்டித் தண்ணீர் ஆஸ்பத்திரிக் கழிவறைபோல மணத்தது. நாட்டில் முகம் கழுவிய பிள்ளைகளுக்குக் கண் சிவந்துவிட்டது. தொட்டியைத் திறந்து அத்தனை தண்ணீரையும் வெளியே விட்டார்கள். நான் வகுப்பில் இருந்தபோது தலைவி போன் செய்தார். அவர் சொன்னதில் எழுதக்கூடியது, "சேர், உடனே வாங்க" என்பது மட்டும்தான்.

பன்சலை மண்டபத்தில் அவசரக் கூட்டம். பாற்சோறு இல்லை, தேத்தண்ணியும் இல்லை. அப்போதுதான் நிலைமை எனக்கு உறைத்தது.

"சாமி எறங்குற எடத்த சாமிக்காகக் கழுவினோம். அசிங்கமா பண்ணோம்? சுத்தந்தானே பண்ணோம்!" என்று அக்கா ஆரம்பித்தாள்.

முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "கோயிலுக்கெண்டு கேட்டா இல்லண்டு சொல்லேலுமா மாஸ்டர்? நல்ல காரியமெண்டு தானே குடுத்த..."

நான் வழக்கம்போல வடிகட்டி இரண்டு வரியில் சொன்னேன். தலைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். "சேர், உங்கள் அக்கா இவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் இவ்வளவுதான் சொல்கிறீர்கள். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் சொல்வதையும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்."

சொன்னேன். வியர்த்து ஊற்றியது. அழுக்கென்று நீங்கள் தேய்த்த பாசியைத் தின்றுதான் மீன் இருந்தது, மீனும் பூச்சியும் இருந்ததால்தான் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தது, ஓடை உங்கள் வீட்டுச் சட்டி இல்லை என்று தலைவி அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், இந்த வருஷம் தொட்டிக்கு மேலே யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்றார். பாசியைப் பற்றிச் சொன்னபோது அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் எழும்பிவிட்டாள்.

"நேந்துகிட்டது எனக்கும் ஆத்தாவுக்கும் நடுவுல. இவங்க யாரு நிப்பாட்ட? தடி எடுத்துட்டு வந்தாலும் நா எறங்குவேன்."

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மண்டபம் கொதித்தது. பன்சலையின் பிக்கு, ஹாமுதுரு, தலையிட்டு, முதலில் தொட்டியைக் கழுவுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று எல்லோரையும் அனுப்பிவைத்தார்.

தொட்டி கழுவுவதற்கு அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். முதல் ஆளாக வந்து நின்றாள். "நாம பண்ணத நாமதான் கழுவணும். இவங்க கழுவிட்டு வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவாங்க." தேங்காய் மட்டையால் மட்டும் தேய்க்க வேண்டும், தூள் கீள் எதுவும் கூடாது என்பது உத்தரவு. தலைவி பக்கத்திலேயே நின்று, அக்காவின் கையிலிருந்த மட்டையை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளி ரோல்ஸ் பெட்டியோடு வந்து இறங்கினார், பாவம் மனிதன் பிராயச்சித்தம் தேடிக்கொண்டிருந்தார்.

தொட்டிக்கு மேலே ஒற்றையடிப் பாதை. அந்த வழியாக நாட்டுப் பெண்கள் தூரத்துக் கிணற்றிலிருந்து கேன்களில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஓர் இளம் தாய் இடுப்பில் கைக்குழந்தையும் கையில் கேனுமாக வந்து, மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றாள். குழந்தை துவண்டு கிடந்தது. அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"பிள்ளைக்கு என்னாச்சுன்னு கேளு."

கேட்டேன். கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். வயிற்றாலே போகிறது, கொதிக்கவைத்துக் கொடுத்தும் நிற்கவில்லை, பின்னேரம் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றாள். அதை அக்காவுக்குச் சொன்னேன். அவள் கரையேறி, அந்தப் பெண்ணின் கேனை வாங்கிக்கொண்டு அவள் வீட்டு வாசல்வரை போய் வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் சாயங்காலம்வரை தொட்டியைத் தேய்த்தாள்.

லயத்துக்கு ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள். "தம்பி, நா ஓடையில எறங்கல."

"அப்ப நேத்திக்கடன்?"

"பிள்ள பொழைக்கணும்னுதானே நேந்துகிட்டேன். பிள்ளைங்க குடிக்கிற தண்ணில போயி எப்படி முழுகுறது?"

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சொன்ன வாக்கை மீறினால் ஆத்தா கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் அவளுக்கு. எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆனாலும் அன்றைக்கு நானும் அக்கா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவளோ பக்கத்தில் உட்கார்ந்து வடையைத் தின்றுகொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா" என்றாள். நான் தலைவியிடம் போய், அக்கா இறங்கமாட்டாள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். காரணத்தையும், ஓடையில் நனைந்த ஈரச் சேலையோடு வருவதாக அவள் நேர்ந்திருந்ததையும் சொன்னேன். "ம்" என்றார், அவ்வளவுதான். குழந்தை தேறி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டது என்ற செய்தியை முதலாளிதான் எங்களுக்குக் கொண்டுவந்தார்.

திருவிழா அன்று லயத்துப் பீலியில் கரகம் பாலித்தார்கள். மலையிலிருந்து நீர் கொட்டும் அந்தப் பீலிக்கு வருவது வேறு ஊற்றுத் தண்ணீர். அக்கா அதில் குளித்து, ஈர மஞ்சள் சேலையோடு பால்குடத்தைத் தலையில் ஏற்றினாள். தப்பு முழங்க ஊர்வலம் ரோட்டில் இறங்கி, நாட்டைச் சுற்றிக் கோயிலுக்கு ஏற வேண்டும். நல்ல வெயில். பாதி வழியிலேயே சேலை காய்ந்துவிட்டது. ஓடைத் தண்ணீரும் இல்லை, ஈரமும் இல்லை. அவள் ஒரு கையால் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் பக்கத்தில் நடந்தேன்.

நாட்டுக்குத் திரும்பும் முடக்கில் தலைவி ரோட்டோரம் நின்றார், கையில் பச்சை ஹோஸ் பைப். தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வாளிகளோடு நாட்டுப் பெண்கள், அவர்களுக்குள் அந்தக் கைக்குழந்தைக்காரி. தலைவி என்னைக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "இது தொட்டித் தண்ணீர் சேர். ஓடையில் வந்ததுதான். உங்கள் அக்காவுக்கு ஊற்றலாமா என்று கேளுங்கள்."

கேட்டேன். அக்கா நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைவி கிட்ட வந்து, பாலில் ஒரு சொட்டு விழுந்துவிடாமல் ஒரு கையால் குடத்தின் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அக்காவின் தோளில் தண்ணீரைப் பிடித்தார். குளிர்ந்த தண்ணீர். சேலை நனைந்து, முதுகு நனைந்து, பாதத்தில் வழிந்தது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளும் நனைந்தாள். தப்பு அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. நடுரோட்டில், எல்லோருக்கும் கேட்க, தண்ணீரைப் பார்த்துப் பேசினாள்.

"நா ஒங்கிட்ட வரமாட்டேன்னுட்டேன்... நீயே என்னத் தேடி ரோட்டுக்கு வந்துட்டியா, ஆத்தா!"