டாக்டரின் செவ்வாய்க்கிழமை ஐஸ்

டாக்டர் செல்வமணி போய்விட்டார். இன்று காலை, குன்றத்தூரில் மகள் வீட்டில்.

போன் வந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்...

சேலையூர்ப் பக்கம் இருக்கும் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். எண்பதுகளில் எங்கள் நகரில் இருந்த ஒரே கிளினிக் அவருடையதுதான். மாலை ஆறு மணிக்கு வாசலில் செருப்புகள் தெருவரை பரவிக் கிடக்கும்.

அப்போது நகரின் பொது இடம் ஒன்று காலியாக, முள்செடி மண்டிக் கிடந்தது. அதை அரசாங்கத் துணை சுகாதார நிலையத்துக்குக் கொடுப்பதா, நர்சிங் ஹோம் கட்டுகிறோம் என்று வந்த தனியாருக்குக் கொடுப்பதா... இதற்காக நலச்சங்கக் கூட்டம் போட்டார்கள்.

நான் தனியார் பக்கம். எழுந்து நின்று பேசினேன். கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கியது, உட்கார்ந்துகொண்டு பேச எனக்கு வராது.

"என் அப்பாவை அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன். ஒரு நர்சிங் ஹோம் வரட்டும். காசு கொடுக்கிறோம், கேள்வி கேட்கிறோம்" என்றேன்.

நல்ல கைதட்டல். சங்கத் தலைவர் மாணிக்கம், எங்கள் நகர் மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல், "ஆபீசரம்மா சொல்றது கரீக்ட்டு. பிரைவேட் ஆஸ்பத்திரி வந்தா ஏரியாவுக்கே ஒரு மவுசு" என்றார்.

அப்போது டாக்டர் எழுந்தார். போட்டிக்கு நர்சிங் ஹோம் வேண்டாம் என்பார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"கவர்மென்ட்டுக்குக் கொடுங்க" என்றார்.

மாணிக்கம் சிரித்துவிட்டார். "இன்னா டாக்டரே, கவர்மென்ட்காரன் துட்டு வாங்காம ஊசி போடுவான். ஒன்கிட்ட எவன் வருவான்? ஒங்கடைக்கு நீயே பூட்டு போட்டுகினு போறியா?"

"போறவங்க போகட்டும் மாணிக்கம்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "போன மாசம் ஏரிக்கரை குடிசையில ஒரு குழந்தை தட்டம்மையில போச்சு மேடம். என் கிளினிக்லருந்து கூப்பிடு தூரம். அடக்கம் பண்ணினப்புறம்தான் எனக்கே தெரியும்."

டாக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட வர்றவங்களை எனக்குத் தெரியும். வராதவங்களைத் தெரியாது. போர்டு மாட்டிட்டு உட்கார்ந்திருக்கறவன் நான். வீடு வீடாப் போய்த் தேடறதை வேலையா வெச்சிருக்கறது கவர்மென்ட் ஒண்ணுதான்."

நான் விடவில்லை. "அவர்கள் போகாவிட்டால்?"

"போகலைன்னா நீங்க போய் சண்டை போடலாம். ஏன் வரலைன்னு என்னைக் கேக்க முடியாது. கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டியதில்ல."

நான் உட்கார்ந்துவிட்டேன். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அபூர்வம் என்று.

வாக்கெடுப்பில் அரசாங்கத்துக்கு என்று முதலில் கையைத் தூக்கியவர் டாக்டர்தான். பின்வரிசையில் அவர் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறார் பாருங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவரும் கையைத் தூக்கினார்.

நான் தூக்கவில்லை. ஆனால் நிலம் அரசாங்கத்துக்குத்தான் போயிற்று.

கட்டடம் எழும்பியது எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. புதன்கிழமைகளில் தடுப்பூசி. நர்ஸ் பஸ்ஸில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார், வெயிலில் நடுப்பகலுக்குள் உள்ளே இருக்கும் ஐஸ் கரைந்து மருந்து வீணாகிவிடும்.

ஒரு செவ்வாய் மாலை டாக்டர் நர்ஸை அழைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். கையில் தண்ணீர் நிரப்பிய ஐஸ் பேக்குகள்.

"மேடம், நாளைக்கு மருந்துப் பெட்டியில வைக்க ஐஸ் உறையணும், உங்க ஃப்ரீசர்ல கொஞ்சம் இடம் வேணும். இந்தத் தெருவுல ஃப்ரிட்ஜ் உங்க வீட்லதான் இருக்கு."

"அரசாங்கத்து ஐஸுக்கு என் வீட்டு ஃப்ரிட்ஜா?"

"பிரைவேட்தான் நல்லா செய்யும்னு கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க."

என் கணவர் உள்ளே சத்தமாகச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. நான் சிரிக்கவில்லை. ஃப்ரீசரைக் காலி செய்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ஐஸ் வைத்தேன். உறையாத ஒன்றைக்கூட நான் கொடுத்தனுப்பியதில்லை.

கிளினிக் வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. புதன்கிழமைகளில் அவர் வாசலிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்.

"இன்னா டாக்டரே, ஈ ஓட்டிகினு கீறியா?" என்று மாணிக்கம் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்.

"ஈயும் கவர்மென்ட் ஊசி போட்டுக்கப் போயிடுச்சு மாணிக்கம்."

சிரித்தார். ஆனால் அவர் மனைவி ட்யூஷன் எடுக்க ஆரம்பித்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் பாதியில் கிளினிக்கை மூடிவிட்டு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு இடம் பார்த்துக்கொண்டு போனார். அங்கே பட்டறைகளில் வேலை செய்பவர்கள் வருவார்கள் என்றார்.

சொல்லிக்கொள்ள வந்த அன்று கேட்டேன். "வருத்தமே இல்லையா டாக்டர்?"

"இருக்கு மேடம். ஏன் இல்லாம?" எதிர்க் கட்டடத்தைக் கை காட்டினார். "அந்த ஏரிக்கரையில அப்புறம் அம்மையில ஒரு குழந்தையும் போகல, தெரியுமா?"

வாசல்படி இறங்கியவர் திரும்பினார். "இன்னிக்கு செவ்வாய். ஐஸ் வெச்சாச்சா?"

"வைத்தாயிற்று."

அவ்வளவுதான். அப்புறம் நான் அவரைப் பார்த்தது என் கணவர் இறந்தபோது, ஒரே ஒரு முறை.

எத்தனையோ பேர் அரசாங்கம் அதைச் செய்ய வேண்டும், இதைச் செய்ய வேண்டும் என்று பேசிக் கேட்டிருக்கிறேன். தன் கிளினிக்கைப் பணயம் வைத்துப் பேசிய மனிதர் என் ஆயுளில் இவர் ஒருவர்தான்... இப்போதும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

எதிரே இப்போது சொந்த ஃப்ரிட்ஜ் இருக்கிறது. என் ஐஸ் அவர்களுக்குத் தேவையில்லை.

நாளை புதன். காலையிலேயே குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும்.

போய் வாருங்கள் டாக்டர். தனியார்தான் நல்லது என்ற என் கட்சியை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கச் சொல்லி நீங்கள் கேட்டதும் இல்லை.