புகார் கொடுக்கப் போன சாயங்காலம்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் மெஸ் நடத்துகிறேன். என்னிடம் காய் நறுக்க வந்தவள் மேற்கு வங்காளத்துக்காரி. புருஷன் சிமெண்ட் குடோனில் மூட்டை ஏற்றினான். மெஸ்ஸுக்குப் பின்னாலிருந்த என் அறையில்தான் குடியிருந்தார்கள். என் அடுப்படியில் தமிழ் பழகியவள். என்னை அக்கா என்பாள்.

ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பியவளின் கம்மலை, பைக்கில் வந்த இரண்டு பேர் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காது கிழிந்து தொங்கியது. தையல் போட்ட கையோடு அவளையும் புருஷனையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன்.

அங்கிருந்த அதிகாரி காதைப் பார்க்கவேயில்லை. அவர்கள் பேசிக்கொண்ட பாஷைதான் அவர் காதில் விழுந்தது.

"பங்களாதேஷா?"

"இல்ல சார், இந்தியா" என்று அவன் ஆதாரை நீட்டினான்.

"இத எவன் வேணா அடிச்சுக்குவான்."

"காத அறுத்தவன் பைக்ல போறான் சார். அவனப் புடிங்க" என்றேன்.

"ஏம்மா, மேலேர்ந்து உத்தரவு. ஆளு யாருன்னு விசாரிக்கணும். இவங்களுக்கு வூடு விட்ட ஒன்னையும் விசாரிக்கவா?"

அவனை அங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள். அவன் ஊர்ப் போலீஸ் 'எங்க ஆளுதான்' என்று சொல்லும்வரை விடவில்லை. புகாரை எழுதவேயில்லை. வெளியே வந்த அன்றே இருவரும் ரயிலேறிவிட்டார்கள். அவள் காதில் தையல்கூடப் பிரிக்கவில்லை.

சில மாதம் கழித்து, பட்டப்பகலில், மெஸ் வாசலிலேயே என் நாத்தனாரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒரு பைக் பறந்தது. உள்ளே அவனோடு மூட்டை ஏற்றிய, வடக்கிலிருந்து வந்த குடோன் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதே அதிகாரி உடனே வந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவன் கைகூடக் கழுவாமல் பின்வழியாக நழுவினான்.

"இத்தன பேரு இருந்தும் எவனும் பாக்கலியாம். என்ன ஆளுங்கம்மா இவனுங்க?"

"பாத்திருப்பாங்க சார். சொன்னா, திருடன வுட்டுட்டு அவங்க எந்த நாடுன்னுதானே கேப்பீங்க?"

அவர் முறைத்தார். நாத்தனார் என் கையைக் கிள்ளினாள். அவர் போனதும் என்மீது பாய்ந்தாள்.

"அவனுங்கதான் ஆளு காட்டிக் குடுத்துருப்பானுங்க. இனிமே அவனுங்களுக்குச் சோறு போடாத அண்ணி."

மறுநாளும் வழக்கமான அளவுக்கே உலை வைத்தேன். குடோனிலிருந்து ஒருவரும் சாப்பிட வரவில்லை.