தவக்காலத்துச் செம்பருந்து

நிலாவையும் சனிக்கிரகத்தையும் பார்ப்பதற்கென்று செய்த தொலைநோக்கிக் குழாயை வாங்கி, அதில் பறவைகளைப் படம் பிடிக்கக் கிளம்பிய ஆள் நான். இதை ஒப்புக்கொள்வதில் பெரிய வெட்கமில்லை. வெட்கம் அடுத்ததில்தான். முதல் நாள் மொட்டை மாடியில் அதைப் பொருத்திக் கண்ணை வைத்தபோது, மின்கம்பியில் ஒரு மைனா வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கியது. ஓடிப்போய் மனைவியிடம், “பாவம், கரண்ட் அடிச்சிருச்சு போல” என்றேன். அவள் வந்து வெறும் கண்ணால் பார்த்தாள். மைனா நேராக உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

வானத்தைப் பார்ப்பவர்களுக்கு மேல், கீழ் ஒரு பொருட்டில்லை. சனி கவிழ்ந்து நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்? முன்னால் பெரிய லென்ஸ், பின்னால் கண் வைக்கும் துண்டு, நடுவில் நீளக் குழாய். காட்சி தலைகீழாகத்தான் வரும். கண் வைக்கும் துண்டைக் கழற்றி அங்கே கேமராவை மாட்டிவிட்டால் படம் நேராகிவிடும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எதையும் வாங்கிய பிறகு படிப்பது என் வழக்கம்.

இந்தக் கூத்தைக் கேட்டு அதிகம் சிரித்தவன் என் நண்பன். வரலாற்று வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், தேய்த்த வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் என்னோடு குளக்கரைக்கு வந்துவிடுவான். “ஏலே, கொக்குக்கு ஜாதகம் பாக்கப் போறியாக்கும்?” என்றான். அது கார்த்திகை மாதம்.

தை மாதம் அவனுக்கு ஈரலில் கட்டி என்றார்கள். மதுரையில் பெரிய டாக்டர் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். “பிடிச்சதைச் சாப்பிடட்டும்” என்றாராம். அப்படி எப்போது சொல்வார்கள் என்பது வரலாற்று வாத்தியாருக்குத் தெரியாதா?

அவன் வீடு வேடசந்தூர் சாலையில், தெருவின் கடைசி வீடு. கட்டிலைப் பின் அறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு அப்பால் சோளக்காடு, அதற்கப்பால் குளத்தங்கரை, கரையில் ஓர் அரசமரம். மரத்தின் உச்சியில் சுள்ளிக்குவியல் மாதிரி ஏதோ தெரிந்தது.

போன் செய்தான். “அந்தக் குழாயத் தூக்கிட்டு வாலே. செம்பருந்து கூடு கட்டியிருக்கு. குஞ்சு பறக்கறதப் பாத்துட்டுப் போயிர்றேன்.”

“எங்கடா போற?”

“ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு. தக்காளி வாங்க.”

அடுத்த நாள் போய் இறங்கினேன். முக்காலியின் ஒரு கால் கட்டிலுக்கு அடியில், இன்னொன்று மருந்து ஸ்டூலை இடித்துக்கொண்டு, மூன்றாவது பீரோக் கதவைத் திறக்க விடாமல். அவன் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். “அண்ணே, இனிமே நான் சேலை எடுக்கணும்னா உங்ககிட்டதான் கேக்கணுமா?” என்றாள். கேமராவை மாட்டினேன். படத்தைத் தெளிவாக்கும் குமிழைக் கடைசிவரை திருகியும் கூடு பஞ்சுமிட்டாய் போலவே இருந்தது. இரண்டு மணி நேரம் வியர்த்து வழிந்த பிறகு விஷயம் புரிந்தது. கேமராவைக் குழாயிலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு இடையில் செருக ஒரு வெற்றுக் குழாய்த் துண்டு வேண்டும். திண்டுக்கல்லில் அது கிடைக்கவில்லை. வெளியூரில் சொல்லிவைத்து, கூரியருக்குக் காத்திருந்தேன்.

அவன் தினமும் கேட்டான். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. குரல் மட்டும் வகுப்பறையிலேயே இருந்தது.

“உள்ள ஒண்ணுமே இல்லாத சாமானுக்கா இம்புட்டு நாளு? பேசாம உன் தலைய வச்சு மாட்டிரலாம்லே.”

துண்டு வந்து சேர்ந்த அன்று சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். சாமியார் வீட்டுக்கே வந்து அவன் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுப் போயிருந்தார். கேமராவிலிருந்து கட்டிலுக்கு எதிரே இருந்த டிவிக்கு ஒரு வயரை இழுத்தேன். குமிழை மயிரளவு மயிரளவாகத் திருகினேன். திரையில் சுள்ளிகள் தெளிந்தன. சுள்ளிகளின் மேல் செம்மண் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாகப் பருந்து நின்றது. அந்த வெள்ளைத் தலையைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு விளிம்பு.

“மலிவான லென்ஸ்டா, நிறத்தையெல்லாம் ஒரே இடத்துல சேக்கத் தெரியாது. வெள்ளையப் பாத்தா ஊதா கக்கிரும்” என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னேன்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “தவக்காலம்லடா, அதான் சாமியாருக மாதிரி ஊதா உடுத்திருக்கு” என்றான். பிறகு, “உங்க பெருமாள் வண்டிக்கே தெரிஞ்சிருக்கு பாரு” என்று சிரிக்கப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகு என் காலை நேரம் அங்கேதான். கேமராவின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். மாற்றுவதற்கு நான் போக வேண்டும். வெயில் ஏறினால் சோளக்காட்டு மேல் காற்று நெளிய ஆரம்பித்து, பருந்து கொதிக்கிற குழம்பில் கிடப்பது போலாகிவிடும். அதனால் விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். விடிந்ததும்தான் மில் பஸ்களும் போகும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வீடு லேசாக அதிரும். திரையில் பருந்து குடும்பத்தோடு கரகாட்டம் ஆடும். வீட்டில் எல்லோரும் பூனை நடை நடந்தோம். அவன் மனைவியின் சீரியல்கள் நின்றுபோயின.

கூட்டிலிருந்து ஒருநாள் பஞ்சுத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. தாய்ப் பருந்து எந்தக் கறிக்கடையிலிருந்தோ குடல் ஒன்றைத் தூக்கிவந்து பிய்த்து ஊட்டியது.

“பாத்தியா, கறி திங்கக்கூடாத நாள்ல ஊதாவ உடுத்திக்கிட்டு ஆட்டுக்குடல் திங்குது” என்றான். “சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டிய கேஸு.” அன்று அவனுக்கு இறங்கியது இரண்டு கரண்டி கஞ்சி. குஞ்சு தின்று முடிக்கும்வரை அவன் வாயும் கூடவே மெதுவாக அசைந்ததை அவன் மனைவியும் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பங்குனி வெயிலில் குஞ்சுக்கு இறகு முளைத்தது. கூட்டின் விளிம்பில் நின்று சிறகை விரித்து விரித்து மடக்கும். பறக்காது. “இன்னைக்கு இல்ல” என்று அவன் சொல்வான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஏமாற்றம் இருக்காது, ஒருவித நிம்மதிதான் இருக்கும். பறக்காதவரை அவனுக்கும் கிளம்ப வேண்டியதில்லை என்று ஏதோ ஒப்பந்தம் போட்டிருந்தான் போல.

ஒருநாள் காலை, “என்னையும் ஒண்ணு எடேன்” என்றான்.

“இதுல கிட்ட இருக்கிறது தெரியாதுடா. ரொம்பத் தள்ளி இருக்கணும்.”

“எம்புட்டுத் தூரம் போனாத் தெரிவேன்?”

தெளிவாக இருந்த படத்தில் தேவையில்லாமல் குமிழைத் திருகி, கலைத்து, மறுபடி சரிசெய்துகொண்டிருந்தேன். கையில் போன் இருந்தது. அதில் எடுத்திருக்கலாம். தோன்றவில்லை.

சாமியார் மறுபடி வந்தார், இம்முறை சாகப் போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு. கழுத்தில் ஊதாப் பட்டை. அறையை விட்டு நாங்கள் வெளியே வந்தோம். டிவியை அணைக்க மறந்துவிட்டேன். உள்ளேயிருந்து அவன் குரல் மெலிதாகக் கேட்டது: “சாமி, செத்த நேரம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, மறைக்குது.”

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் போய்விட்டான். திரையில் குஞ்சு விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தது. சிறகு விரித்திருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, பேட்டரியோடு போய் நின்றேன். அவன் மனைவி கதவைத் திறந்துவிட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். நான் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அதற்கடுத்த நாளும் போனேன். புனித வாரம் போய் ஈஸ்டர் வந்து, அதுவும் போனது. என் கார்டு முழுக்கப் பருந்துப் படங்கள்; எல்லாவற்றிலும் ஊதா விளிம்பு. அந்த ஊதாவைத் துடைக்கக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தவில்லை.

பிறகு ஒருநாள் கூட்டில் எதுவும் இல்லை. இரை தேடப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குமிழைத் திருகினேன். அடுத்த நாளும் வெறுங்கூடுதான். அவளும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாளும் நான் பேட்டரியை மாற்றி, வெறும் சுள்ளிகளைத் துல்லியமாகத் தெளிய வைத்துக்கொண்டிருந்தபோது காப்பியோடு வந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“அது முந்தாநாள் நீங்க வாரதுக்கு முன்னாடியே பறந்துருச்சுண்ணே. பறந்தத நானும் பாக்கல, பால் பொங்குதேன்னு அடுப்படிக்குப் போனேன், வந்து பாத்தா இல்ல, அம்புட்டுதான். நீங்க தெனம் வாரீங்களேன்னுதான் சொல்லாம இருந்தேன். அந்த வயரக் கழட்டிருங்க, சீரியல் கதை எங்கயோ போயிருக்கும்.”